மூடுவிழாவுக்குப் பசியோடு வந்தவர்

செய்தி வந்தபோது நான் கல்கத்தா கிடர்பூரில் ஒரு லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பேட்டரிகளைத் தாறுமாறாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அமிலம் வழிந்து வண்டிப் பலகையெல்லாம் பொத்தல். அவர் ஒன்று சொல்ல, நான் இரண்டு சொல்ல, நடுவில் கைபேசி அடித்தது. ராகவன்தாவின் டிரைவர் மதன். "தீதி, தாதாவை அடிச்சிட்டாங்க. ஹவுராவுல. மண்டையில அடி," என்றான். யார் என்று கேட்டேன். "அருண் பாபு. தன் வீட்டுல வச்சே."

உள்ளதைச் சொன்னால், முதலில் எனக்குப் பதற்றம் வரவில்லை. அவர் அடிபடுவது நமக்கு என்ன புதுச் செய்தியா? ஒரு காது போனது, மூக்கு வளைந்தது, இரண்டு பல் கட்டியது எல்லாம் நாம் அறிந்த கதைதான். "கட்டுப் போட்டாச்சா? எந்த ஆஸ்பத்திரி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். மதன் அழ ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லாரிக்காரர் சண்டையை விட்டுவிட்டு எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாத யாராவது படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம். ராகவன், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் பணம் போடுகிறவர். தாத்தா காலத்திலேயே கம்பெனி வேலைக்குக் கல்கத்தா வந்து, ஏரிக்கரைப் பக்கம் குடியேறிவிட்ட குடும்பம். தமிழ்ச் சங்கத்தில் அவர் ராகவன் மாமா. மற்ற எல்லாருக்கும் ராகவன்தா; வங்காளத்தில் அக்காவுக்குத் தீதி, அண்ணனுக்குத் தாதா, சுருக்கினால் தா. என் அப்பா துறைமுகத்து வேலையில் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர், எங்கள் வீட்டில் யாரையும் மாமா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. சார் என்றால் அவருக்குப் பிடிக்காது. அதனால் எனக்கும் ராகவன்தாதான். தன் தொழிலைப் பற்றி அவரே கேலி பேசுவார். "தமிழ்ப் பத்திரிகைல என்னைத் துணிகர முதலீட்டாளர்னு போட்டிருக்கான் பாரு. துணிகரம்னு நம்ம பேப்பர்ல யாருக்குப் போடுவா? கொள்ளைக்காரனுக்குத்தான்."

வாலிபத்தில் அவர் குத்துச்சண்டை போட்டவர். தெற்குக் கல்கத்தாவில் ஒரு கிளப்பில், மழையில் ஒழுகும் கொட்டகைக்குக் கீழே, சாயங்காலம் சாயங்காலம் முகத்தில் குத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கணக்குப் பாடம் படித்தவர். வளைந்த மூக்கு அந்த நாளையது. அந்தக் கிளப்பில் கற்றதைத்தான் ஆயுள் முழுக்கப் பேசினார். "ரிங்குல விழறது கேவலம் இல்ல. விழுந்தவனைப் பாத்து கூட்டம் உச்சுக் கொட்டறதே, அதுதான் கேவலம்."

பணம் கேட்டு நான் முதன்முதலில் அவர் அறைக்குப் போனபோது, கணக்குகளையும் படங்களையும் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாக்களுக்குப் பேட்டரி மாற்றித் தரும் தொழில். ஓட்டுநர் தீர்ந்துபோன பேட்டரியைக் கொடுத்துவிட்டு, நிறைந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு போகலாம். கார்டன் ரீச்சில் டிப்போ. அவர் கணினியை மூடச் சொன்னார். "கடைசியா எப்ப அடி வாங்கின?" என்றார். புரியாமல் பார்த்தேன். "கையாலயோ கட்டையாலயோ. யாராவது உன்னை அடிச்சிருப்பாளே."

"எங்கம்மா. தோசைக் கரண்டியால."

"எதுக்கு?"

"பேங்க் வேலைய விட்டுட்டேன்னு சொன்னதுக்கு."

"அப்புறம் என்ன பண்ணின?"

"தோசைய சாப்பிட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அடி வாங்கினப்புறம் சாப்பிடத் தெரிஞ்சவாகிட்டதான் நான் பணம் போடுவேன்," என்றார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அது அவருடைய கொள்கை என்பது தெரிய எனக்கு ஒரு தொழில் மூழ்க வேண்டியிருந்தது.

நம்மில் பலர் அவரிடம் கெஞ்சியிருக்கிறோம், டிப்போவைத் திறந்து வையுங்கள், பட்டறையைத் திறந்து வையுங்கள் என்று. ஒன்றுக்கும் வந்ததில்லை. "திறப்பு விழாவுக்குப் பல்லைக் காட்டிண்டு நிக்க ஆயிரம் பேர் வருவா. என்னை மூடுவிழாவுக்குக் கூப்பிடு," என்பார். சொன்னபடியே ஒவ்வொரு மூடுவிழாவுக்கும் வந்தார். வந்து, பல இடங்களில் அடியும் வாங்கினார்.

அவர் கோபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இது வேறு யாரையோ பற்றிய அஞ்சலியாகிவிடும். ஓர் ஓட்டல் அரங்கில் அவர் பணம் போட்ட விக்னேஷும் அவன் வயதுத் தொழில்காரர்களும் தோல்வியைக் கொண்டாட ஒரு கூட்டம் போட்டார்கள். தொழில் நொடித்தவர்கள் மேடையேறிக் கதை சொல்ல, கீழே இருப்பவர்கள் கைதட்ட வேண்டும். பின்னால் பெரிய பேனர், தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று. சிறப்பு விருந்தினர் ராகவன்தா. மேடையேறியவர் பேனரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கிழித்தார். கம்பிச் சட்டம் சரிந்து ஒலிபெருக்கி மேல் விழுந்தது. தடுக்க வந்த விக்னேஷின் மார்பில் கை வைத்துத் தள்ளியதில் அவன் முன்வரிசை நாற்காலிகளோடு விழுந்தான். மைக் இல்லாமலே, கதை சொல்லிக்கொண்டிருந்தவனைக் காட்டி ராகவன்தா கத்தினார். "இவன் கம்பெனி படுத்ததுல எத்தனை வீட்டுல உலை வைக்கலன்னு கேட்டேளா? கைதட்டறேள். அவமானம் பட வேண்டியவனை அவமானப்பட விடுங்கடா. அவன் படட்டும். பட்டு எழுந்துக்கட்டும்." அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் அவர் காதுபடக் கொண்டாடுவதை நிறுத்தினார்கள். கொண்டாட்டத்தை நிறுத்தவில்லை.

என் டிப்போ மூடிய கதைக்கு வருகிறேன். ஒரு மழைக்காலம் முழுக்க கார்டன் ரீச் தெருக்களில் முழங்கால் தண்ணீர். எங்கள் பேட்டரிகள் ஒவ்வொன்றாக ஊதிப் போயின. பாதி வழியில் வண்டி நின்று, பயணிகள் திட்டி, ஓட்டுநர்கள் டிப்போவுக்கு வந்து என்னைத் திட்டினார்கள். இனி முடியாது என்று தெரிந்ததும், எல்லாருடைய கைபேசிக்கும் ஒரு செய்தி அனுப்பிவிட்டு டிப்போவைப் பூட்டிவிடுவது என்று ஏற்பாடு செய்தேன். ராகவன்தாவிடம் சொன்னேன். மேசைமேலிருந்த தேநீர்க் கோப்பை என் காதோரமாகப் பறந்து சுவரில் உடைந்தது. "கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டு ஓடிப்போறது இந்த ஊர் முதலாளிகளோட பழைய வியாதி. நீ அதைப் போன்ல ஒட்டப் போறியா? போய் வாசல்ல நில்லு. வாயால சொல்லு. நானும் வரேன்."

நின்றோம். பேட்டரியை நம்பி வண்டி ஓட்டியவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மூடுகிறோம் என்று நான் சொல்லி முடிக்கும்வரை அமைதியாக இருந்தார்கள். முடித்ததும் முதல் செங்கல் வந்தது. அது ராகவன்தாவின் இடது காதில் பட்டது. சட்டைக் காலர் சிவந்து, தோள் சிவந்து, கையிலிருந்து சொட்டியது. அவர் நகரவில்லை. அடுத்து ஓர் இரும்புக் கம்பி என் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கம்பியை ஓங்கியவர் மறுபடி ஓங்கியபோது, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் இடது காலை முன்வைத்து வலது கையால் ஒரே ஒரு குத்து விட்டார். கம்பிக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே அலுவலகக் கண்ணாடிகள் நொறுங்கின, நாற்காலிகள் தெருவில் எரிந்தன. தெருமுனையில் நின்ற போலீசை, யாரும் சாகாதவரை உள்ளே வராதீர்கள் என்று அவரே சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்.

உடைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது கூட்டம் களைத்தது. குத்து வாங்கியவர் தன் தோள் துண்டை எடுத்து ராகவன்தாவின் காதில் வைத்து அழுத்தினார். எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது அவருடைய டோட்டோதான். அந்தக் காது அதன் பிறகு கேட்கவில்லை. என்னிடம் இன்று பழைய பேட்டரிகளைப் பிரித்துச் சீர் செய்கிறவர்களில் அந்தத் துண்டுக்காரரும் ஒருவர். கைபேசியில் செய்தி அனுப்பியிருந்தால் அவர் முகத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

மறுநாள் காலையில் ராகவன்தா எங்கள் வீட்டுக்கு வந்தார், தலையில் கட்டோடு. கையில் ஒன்றுமில்லை. அக்கம்பக்கத்தார் பழமும் ரொட்டியும் ஹார்லிக்சும் கொண்டுவந்து கூடத்து மேசையை நிரப்பியிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அம்மா வாசலுக்குப் போனாள்.

"பசிக்கறது. சாப்பிட வந்திருக்கேன்," என்றார்.

"இன்னைக்கு வீட்டுல ஒண்ணும் ஆக்கலயே ஐயா. பிள்ள இப்பிடிக் கெடக்கும்போது என்னத்த ஆக்க? பழம் நறுக்கித் தரட்டுமா?"

"அடுப்பை மூட்டுங்கோ. செத்த வீட்டுலதான் அடுப்பு எரியாது. இங்க யாரும் சாகல."

அம்மா மூட்டினாள். ஒடிந்த கையோடு என்னை எழுப்பிப் பருப்பைக் கடையவைத்தார். சாதமும் ரசமும் அப்பளமும் ஆயின. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொறுமையாக, மென்று சாப்பிட்டார். தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறுதலும் இல்லை. கடைசியில் தலையை நிமிர்த்தி, "ரசத்துல உப்பு ஜாஸ்தி," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழில் போயிற்று, கை போயிற்று, இந்த மனிதர் உப்புக்குக் குறை சொல்கிறார். "வேணும்னா சாப்பிடுங்க, இல்லன்னா எந்திரிச்சுப் போங்க," என்று கத்தினேன். டிப்போ வாசலில் நின்றதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். "இன்னும் கொஞ்சம் சாதம் போடு," என்று தட்டை நீட்டினார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் கழித்து ஒரு பகலில், ஹவுராவிலிருந்து படகில் திரும்பும்போது கேட்டேன். அவர் அப்பா வேலையை விட்டு அச்சகம் வைத்தாராம். அது நொடித்ததும் சொந்தக்காரர்கள் வேளாவேளைக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து, அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து உச்சுக் கொட்டினார்கள். "ஒருநாள் அப்பா அந்தக் கேரியரை எடுத்து சுவத்துல அடிச்சார். அப்புறம் அம்மாவை அடிச்சார். அதுவரைக்கும் கை நீட்டினதே இல்ல. அம்மாவோட புருவத்துல தையல் போட்டா. பரிதாபத்தைச் சாப்பிடச் சாப்பிட, அது கை வழியாத்தான் வெளிய வரும் ஜோதி. தோத்தவனுக்கு ஒண்ணும் கொண்டுபோகாதே. அவன்கிட்ட கேளு. கொடுக்கறதுக்குத் தன்கிட்ட இன்னும் ஏதோ இருக்குன்னு அவனுக்குத் தெரியட்டும்." அதைச் சொல்லும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கேட்கும் காதுப் பக்கம் மாறி உட்கார்ந்தேன்.

அருணின் தொழில் தண்ணீர் பம்பு. தொட்டி நிறைந்தால் தானே நின்றுவிடும் பம்பு. ஹவுராவில் பட்டறை. நம்மூர்ப் பிள்ளைதான், இங்கேயே பிறந்தவன், தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவான். பட்டறை மூடிய அன்று ராகவன்தா அவனோடு வாசலில் நின்றார், அன்று ஒரு கல்கூட விழவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வெறுங்கையோடு, வெறும் வயிற்றோடு அவன் வீட்டுக்குப் போனார். பசிக்கிறது என்றார். அருணின் மனைவி மௌமிதா அடுப்பை மூட்டினாள். குக்கர் விசில் சத்தத்தில் முன்னறையில் என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்தாள். பட்டறையில் முதன்முதலாக வார்த்த பம்பின் இரும்புக் கூடு முன்னறை அலமாரியில் அலங்காரமாக இருந்தது. அது அருணின் கையில் இருந்தது. ராகவன்தா தரையில் கிடந்தார். அவள் கண்முன்னால் அருண் இரண்டாவது முறை அடித்தான். பிறகு கூட்டைப் போட்டுவிட்டு, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, போலீஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தான். சோறு அடிப்பிடித்துக் கருகியது. பணத் தகராறு என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பிற்பகல் அவருக்கு நினைவு திரும்பியது. அப்போது நான் பக்கத்தில் இருந்தேன். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. என் கையைத் தேடிப் பிடித்தார். "பையன் கைல இவ்வளவு வலு வச்சிண்டிருக்கான். பிசினஸ் பிளான்ல எழுதவே இல்லையே," என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் சாப்பிடாம வந்துட்டேன் ஜோதி," என்றார். பிறகு, "கேக் நான் அனுப்பலன்னு அவன்கிட்ட சொல்லு," என்றார். எந்தக் கேக் என்று கேட்டேன். அதற்குள் மறுபடி நினைவு தப்பிவிட்டது. அடிபட்ட மூளை என்னவோ பேசுகிறது என்று நினைத்தேன். மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

அதன் பிறகு நம்மவர்கள் செய்தது உங்களுக்கே தெரியும். சுடுகாட்டிலிருந்து நேரே ஒரு கூட்டம் ஹவுராவுக்குப் போனது. விக்னேஷ் முன்னால். அருண் வீட்டு ஜன்னல்கள் அத்தனையையும் உடைத்தார்கள். அருணின் தம்பி கிரணை வீட்டிலிருந்து சந்துக்கு இழுத்துப் போட்டு மிதித்தார்கள். நான் போகவில்லை. ஆனால் கேட்டபோது வருத்தப்படவும் இல்லை. அருணின் கையை ஒவ்வொரு விரலாக ஒடிக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பேசினோம். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டான்," என்று ஒருவர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினோம். அருணின் வீட்டுப் படியை யாரும் மிதிக்கக் கூடாது, அவன் தம்பிக்கு யாரும் வேலை கொடுக்கக் கூடாது, நமக்குத் தெரிந்த வக்கீல் யாரும் அவனுக்காக நிற்கக் கூடாது என்று தீர்மானம் வாசித்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். கடைசியாக விக்னேஷ் எழுந்து அழுதுகொண்டே பேசினான். "அவன நாம எப்பவாவது விட்டுக் கொடுத்தோமா? பட்டறை மூடின மறுநாள் காலைல, தூங்கி எழுந்ததும் பாக்கட்டும்னு, நாங்கதான் கேக் அனுப்பினோம். 'முதல் தோல்விக்கு வாழ்த்துகள், ராகவன்தா குடும்பம்'னு க்ரீம்ல எழுதி அனுப்பினோம். அப்படிப்பட்ட நமக்கு அவன் செஞ்சது இது."

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. மேடைக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினேன். ஒடிந்து கூடிய கையை ஓங்கியும் விட்டேன். காலையில் ஒரு கேக் வருகிறது. தோற்றதற்கு வாழ்த்து. அடியில் ராகவன்தாவின் பெயர். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து நின்று, பசிக்கிறது, சாப்பாடு போடு என்கிறார். முந்தின நாள் வாசலில் தலைகுனிந்து நின்ற ஒருவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவர் தன்னை வைத்து விளையாடுகிறார் என்றுதானே நினைத்திருப்பான்? விக்னேஷ் திமிறவில்லை. அவனுக்கும் பாதி புரிந்துவிட்டது, உதடு வெளுத்திருந்தது. ஓங்கிய கையை இறக்கினேன். "நாளைக்குக் காலைல ஒண்ணும் சாப்பிடாம படகுத்துறைக்கு வா," என்றேன். நீங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன்.

ஹவுராவில் அந்த வீட்டு ஜன்னல்களில் பம்பு வந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். மௌமிதா கதவைச் சங்கிலியளவு திறந்தாள். கையில் அரிவாள்மணை. "உடைக்க இன்னும் என்ன மிச்சம்?" என்று வங்காளத்தில் கேட்டாள்.

"பசிக்கிறது. சாப்பிட வந்தோம்," என்றேன்.

அவள் அரிவாள்மணையைக் கீழே இறக்கினாள். "அவரும் இதையேதான் சொன்னார்," என்றாள். அப்போது உள்ளிருந்து கிரண் வந்தான். ஒரு கண் இன்னும் மூடியே இருந்தது, முன்பல் இல்லை. விக்னேஷைப் பார்த்ததும் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பாய்ந்தான். முதல் அறை கன்னத்தில், அடுத்தது வாயில். விக்னேஷின் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. கையைத் தூக்காமல் நின்றான். மூன்றாவது அறைக்குக் கிரணுக்கே தெம்பில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். விக்னேஷ் கேக்கைப் பற்றி அங்கேயே, வாசல்படியிலேயே, ஒன்றும் விடாமல் சொன்னான்.

மௌமிதா வழிவிட்டாள். உள்ளே கூட்டிப்போய்ச் சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்த குப்பைக் கூடையைக் காட்டினாள். சிதைந்த கேக் பெட்டி அதில் கிடந்தது, எறும்பு மொய்த்து. "இதை நான் அருணிடம் எப்படிச் சொல்வேன்? தாதா அனுப்பவில்லை என்று தெரிந்தால் அருண் ஜெயிலுக்குள்ளேயே செத்துப்போவான்," என்றாள். எனக்கும் அது தெரியாமல் இல்லை. அருண் கொலைகாரன், அவனை மன்னிக்க என்னால் முடியுமா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனாலும் அது ராகவன்தா சொல்லி அனுப்பியது, அவனிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்றேன். வக்கீலோடு நானே போய் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வதாகவும் சொன்னேன்.

அந்த வீட்டில் அன்றிலிருந்து அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டார் பின்வாசல் வழியாகக் கொடுத்த ரொட்டிதான். மௌமிதா அடிப்பிடித்த குக்கரை இன்னும் தேய்க்காமல் வைத்திருந்தாள். அதை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அரிசி களைந்தாள். கிரண் உருளைக்கிழங்கு நறுக்கினான். நாங்கள் முன்னறையில், தரையில் கறை போகாத இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். விக்னேஷ் கிழிந்த உதட்டோடு, ஒவ்வொரு கவளத்துக்கும் முகம் சுளித்துக்கொண்டு சாப்பிட்டான். அடி வாங்கிய பிறகு சாப்பிடுகிறவன். ராகவன்தா பார்த்திருந்தால் அவனிடம் மறுபடி பணம் போட்டிருப்பார்.

நான் பருப்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். தலையை நிமிர்த்தி, "பருப்பில் உப்பே இல்லை," என்றேன்.

மௌமிதா என்னை முறைத்தாள். கண் சிவந்து, மூக்கு விடைத்து, எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் தட்டின் முன்னால் ணங்கென்று வைத்தாள். "வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் இவ்வளவுதான்," என்று கத்தினாள். வாசலில் கேட்ட குரல் இல்லை அது. உயிருள்ள ஒருத்தி தன் சமையலுக்காகச் சண்டை போடும் குரல்.

அவர் எனக்கு விட்டுப்போனது இதுதான், வேறெதுவும் இல்லை. தோற்றவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது, பசி என்று கேட்பது, உப்பு குறைந்தால் குறைந்தது என்று சொல்வது. உங்கள் தீர்மானத்தில் என் பெயரை அடித்துவிடுங்கள். நான் உப்பைப் போட்டுக்கொண்டு, அவர் சாப்பிடாமல் வந்த வீட்டில், "இன்னும் கொஞ்சம் சாதம் போடு," என்று தட்டை நீட்டினேன்.